"பயத்திலேயே போய்விட்டார்" என்கிறார்களே, அப்படி ஒன்று உண்டா?

தாமிரபரணி_மகன் | 6 மே 2023, இரவு 9.40

கொரோனா அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் நேற்று அறிவித்துவிட்டது. அதற்கு முந்தைய நாள்தான் எங்கள் வீட்டில் அப்பாவின் இரண்டாம் ஆண்டுத் திதி. இலை எடுக்கும் நேரத்தில் சித்தப்பா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "அண்ணனுக்கு நோய் பாதி, பயம் பாதி. பயத்திலேயே போய்விட்டார்."

இரண்டு வருடமாக இதே வாக்கியத்தைப் பல வாய்களில் கேட்டுவிட்டேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள், எதிர்வீட்டுக்காரர், அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்பா அரசுப் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 61. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. 2021 சித்திரை ஒன்றாம் தேதி காய்ச்சல் தொடங்கியது. ஐந்தாம் நாள் பரிசோதனை, ஆறாம் நாள் மருத்துவமனை, அதற்கு ஆறு நாள் கழித்து அந்தத் தொலைபேசி அழைப்பு. அந்த ஆறு நாளும் அவர் பயந்துதான் இருந்தார், மறைக்க ஒன்றுமில்லை. படிக்கட்டில் தொங்குகிறவர்களை முப்பது வருடம் அதட்டிய மனிதர், காணொலி அழைப்பில் "என்னை வீட்டுக்குக் கூட்டிப்போ" என்றார்.

மனம் கலங்கினால் எதிர்ப்புச் சக்தி குறையும் என்று மருத்துவர்களே அப்போது தொலைக்காட்சியில் சொன்னார்கள். அது உண்மையா? உண்மை என்றால் எவ்வளவு? ஆறு நாள் பயம் ஓர் ஆளைக் கொல்லப் போதுமா? ஆறுதல் வேண்டாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மனமேமருந்து | 6 மே, இரவு 10.15

உங்கள் தந்தைக்கு என் அஞ்சலி. ஆனால் உங்கள் சித்தப்பா சொன்னதில் தவறில்லை என்பேன்.

எனக்கு 2020 ஆகஸ்டில் வந்தது. பதினான்கு நாள் தனி அறை. காலையில் மூச்சுப் பயிற்சி, பிறகு கபசுரக் குடிநீர். செய்தி பார்ப்பதே இல்லை. "எனக்கு ஒன்றும் இல்லை" என்று நூற்றெட்டு முறை சொல்லிக்கொள்வேன். பக்கத்து அறையில் இருந்தவர் நாள் முழுவதும் தொலைக்காட்சியில் சாவுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திரும்பவில்லை. மனம் விழுந்தால் உடல் விழும். நம் முன்னோர் என்றோ சொன்னதை வெள்ளைக்காரன் இப்போதுதான் கண்டுபிடிக்கிறான்.

விலங்கியல்_வாத்தியார் | 6 மே, இரவு 11.32

தம்பி, முப்பத்தோரு வருடம் மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் நடத்தியவன் நான். மருத்துவன் அல்லன். ஆனால் நீங்கள் கேட்ட கேள்வியைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொண்டு ஒரு சோதனை நடந்திருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் சாலிஸ்பரி ஊருக்கு அருகே சளியை ஆராய்வதற்கென்றே 1946 முதல் 1990 வரை ஒரு நிலையம் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கர்கள் அமைத்துவிட்டுப் போன மருத்துவமனைக் கட்டடங்கள் அவை. தொண்டர்கள் வந்து பத்து நாள் வரை தங்குவார்கள். சாப்பாடும் அறையும் இலவசம், கைச்செலவுக்குச் சிறு தொகையும் உண்டு. பதிலுக்கு மூக்கில் வைரஸ் சொட்டு விட்டுக்கொள்ள வேண்டும்.

ஷெல்டன் கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவினரும் அங்கே 394 பேரிடம், சொட்டு விடுவதற்கு முன்பே, ஒரு வருடத்தில் அவர்கள் வாழ்க்கையில் என்னென்ன நடந்தது, எவ்வளவு நெருக்கடியாக உணர்கிறார்கள் என்று கேட்டு எழுதிவைத்துக்கொண்டார்கள். பிறகு ஐந்து வைரஸ்களில் ஒன்றைக் கொடுத்தார்கள். ஐந்தில் ஒன்று கொரோனா வகை, 229ஈ என்று பெயர். நம்மை ஆட்டிவைத்த கோவிட்டுக்குத் தூரத்துப் பங்காளி. அப்புறம் என்ன, யார் எத்தனை டிஷ்யூ தாளில் மூக்குச் சிந்தினார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே எண்ணினார்கள்.

1991இல் முடிவு வெளிவந்தது. நெருக்கடி மிகக் குறைவாக இருந்தவர்களில் 74 சதவீதம் பேருக்கு வைரஸ் தொற்றியது. மிக அதிகமாக இருந்தவர்களில் 90 சதவீதம். அது சளியாக வெளிப்பட்டது முறையே 27, 47 சதவீதம் பேருக்கு. வயது, புகை, மது, தூக்கம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வேறுபாடு நின்றது.

ஆக, தொடர்பு உண்டு. உங்களுக்கு ஆறுதல் சொல்வதற்காக நான் அதை மறைக்கப்போவதில்லை. ஆனால் அதே எண்ணைத் திருப்பிப் படியுங்கள். மிகவும் கலங்கிப்போயிருந்தவர்களிலும் 53 சதவீதம் பேருக்குச் சளி பிடிக்கவில்லை. நிம்மதியாக இருந்தவர்களிலும் நாலில் ஒருவருக்கு மேல் பிடித்தது. இது நூறு பேரை வைத்துப் பார்த்தால் தெரியும் சாய்மானம். ஒற்றை மனிதர் ஒருவரைச் சுட்டிக்காட்டி "இவர் பயந்தார், அதனால் போனார்" என்று சொல்ல இதில் இடமே இல்லை.

மனமேமருந்து ஐயாவுக்கு இரண்டு வார்த்தை. வெள்ளைக்காரன் இப்போதுதான் கண்டுபிடித்தான் என்கிறீர்கள். 1975லேயே ராபர்ட் ஏடர், நிக்கோலஸ் கோஹன் என்ற இருவர் எலிகளுக்குச் சாக்கரின் தண்ணீரோடு எதிர்ப்பை ஒடுக்கும் மருந்தையும் சேர்த்துப் பழக்கினார்கள். பிறகு மருந்தே இல்லாமல் வெறும் இனிப்புத் தண்ணீருக்கே எலிகளின் எதிர்ப்பொருள் குறைந்தது. மூளை சொன்னதை வெள்ளையணு கேட்கிறது என்று தெரிந்து ஏறத்தாழ ஐம்பது வருடம் ஆகிறது. (இவர் வேறு கோஹன். இந்தத் துறையில் கோஹன்கள் நம் ஊர் முருகன்களைப் போல.) இரண்டாவது: நூற்றெட்டு முறை "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டு இறந்தவர்களும் இருப்பார்கள். அவர்கள் வந்து இங்கே பதில் எழுத மாட்டார்கள்.

மனமேமருந்து | 6 மே, இரவு 11.50

அனுபவத்தைச் சொன்னால் கிண்டல். நன்றி ஐயா.

சந்தேகப்பிராணி | 7 மே, காலை 6.48

தாமிரபரணி_மகன், ஒரு கேள்வி. சித்திரை ஒன்றாம் தேதி காய்ச்சல், ஐந்தாம் நாள் பரிசோதனை என்கிறீர்கள். நடுவில் நான்கு நாள் என்ன நடந்தது?

தாமிரபரணி_மகன் | 7 மே, காலை 7.30

அவர் யாரிடமும் சொல்லவில்லை. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, வெயில் காய்ச்சல் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

2020இல் எங்கள் தெருவில் முதலில் தொற்று வந்த வீட்டுக்கு வாசலை மறித்துத் தகரம் அடித்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர் தகர இடுக்கு வழியாகப் பால் பாக்கெட் வாங்கியதை அப்பா எங்கள் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இதற்கு நோயே தேவலை" என்றார். 2021இல் தகரம் கிடையாது. ஆனால் அவர் மனத்திலிருந்து அது போகவில்லை.

சந்தேகப்பிராணி | 7 மே, காலை 8.05

நான் நினைத்ததுதான். பயம் கொன்றது என்றே வைத்துக்கொள்வோம். எந்த வழியாகக் கொன்றது? கார்ட்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பு, வெள்ளையணு எல்லாம் இருக்கட்டும். இங்கே அது வாசல்படி வழியாக வந்திருக்கிறது. காய்ச்சலை மறைக்கவைத்தது, நான்கு நாளைத் தின்றது. அந்தப் பயத்தை உங்கள் அப்பா தாமாக உண்டாக்கிக்கொள்ளவில்லை, தகரம் அடித்தவர்கள் உண்டாக்கினார்கள்.

என் பெரியம்மா கதையும் இதே வகை. 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட மறுநாள் மாரடைப்பு வந்து, 17ஆம் தேதி இறந்தார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நிபுணர் குழு பிறகு சொன்னது. ஆனால் அந்தச் சனிக்கிழமையே பெரியம்மா ஊசிக்கு எடுத்துவைத்த ஆதார் அட்டையைத் திரும்பப் பீரோவில் வைத்துவிட்டார். ஜூன் மாதம்தான் மறுபடி வெளியே எடுத்தார். நல்லவேளை, நடுவில் ஒன்றும் ஆகவில்லை. மனநலம் நோயெதிர்ப்பைப் பாதிக்கிறதா என்று ஆராய்ச்சிக் கட்டுரை தேடுவதற்கு முன், மனக்கலக்கம் ஒருவரைத் தடுப்பூசி வரிசையிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறதா என்று பாருங்கள்.

மருந்துக்கடைத்தம்பி | 7 மே, பகல் 1.10

வாத்தியார் ஐயாவுக்கு ஒரு சந்தேகம். மன அழுத்தம் வந்தால் கார்ட்டிசால் கூடும், கார்ட்டிசால் கூடினால் எதிர்ப்பு குறையும் என்று படித்திருக்கிறேன். கோவிட்டுக்குக் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் மருந்து அந்தக் கார்ட்டிசாலின் செயற்கைத் தம்பிதானே? பிறகு அது எப்படி உயிரைக் காப்பாற்றியது? 2021 மே மாதம் எங்கள் கடையில் அந்த அட்டை அரிசி வடகம் போல விற்றது. சீட்டு இல்லாமல் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பி அனுப்பித் தொண்டை கட்டிவிட்டது.

விலங்கியல்_வாத்தியார் | 7 மே, பிற்பகல் 3.25

அருமையான கேள்வி தம்பி. வகுப்பில் கேட்டிருந்தால் மதிப்பெண் போட்டிருப்பேன்.

"எதிர்ப்புச் சக்தி" என்றவுடன் நாம் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்கிறோம். ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது. அது அப்படி அல்ல. ஊர்க்காவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருடன் வரும்போது எழ வேண்டும், போனதும் படுக்க வேண்டும். கடுமையான கோவிட்டில் இரண்டாம் வாரம் நுரையீரலைப் பாழாக்குவதில் வைரஸைவிடக் காவல்காரர்களுக்கே பங்கு அதிகம். அவர்களை அடக்கத்தான் டெக்ஸாமெத்தசோன். ஆக்ஸ்ஃபோர்டின் ரெகவரி ஆய்வு 2020 ஜூனில் இதைக் காட்டியது: வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. அப்படிப்பட்டவர்களும் அதை வாங்கி விழுங்கினார்கள். சர்க்கரை எகிறியது. கறுப்புப் பூஞ்சை அந்த வழியாகவும் வந்தது.

மன அழுத்தமும் இதே போல இரண்டு முகம் காட்டும். நாய் துரத்தினால் கடி விழுவதற்கு முன்பே சில வகை வெள்ளையணுக்கள் ரத்தத்தில் கூடிவிடுகின்றன. அதாவது குறுகிய காலப் பயம் முதல் வரிசைக் காவலை எழுப்புகிறது. சுசான் செகர்ஸ்ட்ராம், கிரெகரி மில்லர் இருவரும் முப்பது வருடத்தில் வந்த ஏறத்தாழ 300 ஆய்வுகளை 2004இல் தொகுத்தபோது இதைத்தான் கண்டார்கள். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீளும் நெருக்கடிதான் உண்மையில் எதிர்ப்பைத் தேய்க்கிறது. அப்போது கார்ட்டிசால் சொல்வது செல்களுக்கு உறைப்பதில்லை. தினமும் கத்துகிற அப்பாவின் குரல் பிள்ளையின் காதில் விழாமல் போகிறதே, அது போல. வீக்கமும் அடங்காது, வேலையும் நடக்காது.

தாமிரபரணித் தம்பிக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. அதே ஷெல்டன் கோஹன் 1998இல் 276 பேரிடம் மறுபடி சொட்டு விட்டுப் பார்த்தார். ஒரு மாதத்துக்குக் குறைவான நெருக்கடி, எவ்வளவு கடுமையாக இருந்தாலும், சளி பிடிக்கும் வாய்ப்பைக் கூட்டவில்லை. ஒரு மாதமோ அதற்கு மேலோ நீண்டவைதான் கூட்டின. அவற்றிலும் முக்கியமானவை இரண்டு: வேலையின்மை, வீட்டிலோ நண்பர்களோடோ தீராத மனத்தாங்கல்.

உங்கள் அப்பா ஆறு நாள் பயந்தார். இந்தக் கணக்கில் ஆறு நாளுக்கு இடமே கிடையாது.

மருந்துக்கடைத்தம்பி | 7 மே, பிற்பகல் 3.40

புரிந்தது ஐயா. தண்ணீர்த் தொட்டி நினைப்பில்தான் கோயம்புத்தூர்ப் பக்கம் ஓர் இனிப்புக் கடைக்காரர் மூலிகை மைசூர்பா தின்றால் கொரோனா குணமாகும் என்று விளம்பரம் செய்தார், 2020 ஜூலையில். கடை உரிமத்தையே ரத்து செய்தார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மைசூர்பா! எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

அக்காள்_ஒருத்தி | 7 மே, மாலை 6.20

நீங்கள் எல்லோரும் பயம், கவலை என்று பேசுகிறீர்கள். மனநோய் என்று பெயர் எழுதிய கோப்போடு வாழ்கிறவர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

என் தங்கைக்குப் பதினெட்டு வருடமாக மனச்சிதைவு நோய். 2021இல் அவளுக்குத் தொற்று வந்தபோது ஒரு மருத்துவமனையில் "இவரை வைத்துப் பார்க்க முடியாது, மனநல வார்டு உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள்" என்றார்கள். மனநல வார்டு உள்ள இடத்தில் "தொற்று இருக்கிறது, முதலில் அதைக் குணப்படுத்திக்கொண்டு வாருங்கள்" என்றார்கள். ஆட்டோவில் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு அன்று இரண்டு மணி நேரம் சுற்றினேன். பிழைத்துவிட்டாள்.

நியூயார்க்கில் 7,348 நோயாளிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2021 ஜனவரியில் வந்தது. மனச்சிதைவு உள்ளவர்கள் கோவிட்டால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்கு. வயதுக்கு அடுத்த பெரிய காரணம் அதுதான். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த எண் நின்றது. மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களிடம் அந்த ஆய்வில் அப்படி ஒரு வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 அக்டோபரில் மனச்சிதைவையும் மனச்சோர்வு போன்ற மனநிலைக் கோளாறுகளையும் ஆபத்து அதிகம் உள்ளோர் பட்டியலில் சேர்த்தது. நம் ஊரில் முன்னுரிமை ஊசிக்கு இணைநோய்ச் சான்று கேட்டார்களே, அந்த இணைநோய்ப் பட்டியலோடு நான் போய் நின்றேன். அதில் அவள் நோய் இல்லை.

"தைரியமாக இரு" என்று அவளிடம் யாராவது சொல்லிப் பாருங்கள். அவள் என்னைவிடத் தைரியசாலி. காதில் கேட்கும் குரல்களோடு பதினெட்டு வருடம் குடித்தனம் நடத்துகிறாள்.

மட்டுறுத்துநர் | 7 மே, இரவு 7.00

இழை நல்லபடியாகப் போகிறது. கபசுரக் குடிநீர் பற்றிய பதினோரு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். சண்டையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுப்பணி | 7 மே, இரவு 11.55

நான் செவிலியர். இரண்டு அலையிலும் கொரோனா வார்டில் இருந்தவள். வாத்தியார் ஐயா சொன்னது சரி. ஆனால் கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். பயம் வார்டில் ஒன்றும் செய்யாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஓர் இரவு. ஐம்பது வயதுக்காரர், ஆக்சிஜன் அளவு 92. குப்புறப் படுக்க வைத்திருந்தோம், நன்றாக ஒத்துழைத்தார். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இறந்துவிட்டார். துணி சுற்றும் சத்தம் கேட்டது. திரை போட்டிருந்தோம், ஆனால் சத்தத்துக்கு ஏது திரை? இவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மூச்சு நிமிடத்துக்கு நாற்பது. முகத்திலிருந்த மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தார். அளவு 84க்கு இறங்கியது. கவச உடைக்குள் வியர்வை கையுறை வரை வடிந்து விரல் நுனியெல்லாம் ஊறிப்போயிருந்தது, நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு "என்னோடு மூச்சு விடுங்கள் அண்ணா" என்று எண்ணினேன். இருபது நிமிடத்தில் 91க்கு வந்தது.

இதைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள், பயத்திலேயே போய்விட்டார் என்று. இது எதிர்ப்புச் சக்தி இல்லை. மூச்சும், நாடித்துடிப்பும், கழற்றி எறிந்த மாஸ்க்கும். சரிசெய்யக்கூடிய விஷயம், பக்கத்தில் ஒரு மனிதர் இருந்தால். நாற்பது கட்டிலுக்கு நாங்கள் மூன்று பேர். உறவினருக்கு அனுமதி இல்லை. அந்த அண்ணா வீட்டுக்குப் போனார். அதே வாரம் அவரைவிட அமைதியாக, கந்தசஷ்டிக் கவசம் சொல்லிக்கொண்டே ஒரு பாட்டி போனார். யாருடைய தைரியத்தைப் பற்றியும் எனக்கு அன்றிலிருந்து கருத்துச் சொல்லத் தோன்றுவதில்லை.

எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் அலை ஓய்ந்து ஜூலையில் வீட்டுக்கு வந்து படுத்தேன். இரண்டாம் வாரம் முதுகில் அக்கி. எனக்கு அப்போது 38 வயது. சின்ன வயதில் வந்த அம்மை வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து, காவல் அசரும்போது எழும். மூன்று மாதம் சேர்ந்தாற்போல ஐந்து மணி நேரம் தூங்காதவள் நான். தூக்கக் கணக்கு ஒன்றும் இருக்கிறது அல்லவா வாத்தியார் ஐயா?

விலங்கியல்_வாத்தியார் | 8 மே, காலை 5.40

உண்டு அம்மா. 2009இல் அதே மூக்குச்சொட்டுக் குழு, 153 பேர். ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ தூங்கியவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. அதற்கு முன்பே 2003இல் ஜெர்மனியில் மஞ்சள்காமாலை ஏ தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். ஊசி போட்ட இரவு தூங்கியவர்களுக்கு, அந்த ஓர் இரவு விழித்திருந்தவர்களைவிட, நான்கு வாரம் கழித்து ஏறக்குறைய இருமடங்கு எதிர்ப்பொருள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஒஹையோவில் ஜேனிஸ் கீகால்ட்-கிளேசர், ரொனால்ட் கிளேசர் என்ற தம்பதியர், மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்க்கும் பெண்கள் 13 பேரின் கையில் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் சின்னக் காயம் செய்து, ஆறுவதற்கு எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். அப்படிச் சுமை இல்லாத, அதே வயதுப் பெண்களைவிட ஒன்பது நாள் கூடுதலாக ஆனது. 1995. நெருக்கடி உடம்பில் எழுதும் கணக்கு இதுதான். நோயாளியின் மேல் மட்டுமல்ல, அவரைப் பார்த்துக்கொண்டவர் மேலும் இது எழுதப்படுகிறது.

தாமிரபரணி_மகன் | 8 மே, காலை 7.15

வாத்தியார் ஐயா, நீங்கள் எழுதிய கடைசி வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன்.

இந்தக் கேள்வி எனக்காக இல்லை, அம்மாவுக்காக. மருத்துவமனையில் நான்காம் நாள் காணொலி அழைப்பில் அம்மா அடக்க முடியாமல் அழுதுவிட்டார். "என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள்" என்று கத்தினார். அதற்குப் பிறகுதான் அப்பா வீட்டுக்குக் கூட்டிப்போ என்று கேட்க ஆரம்பித்தார். சித்தப்பா "பயத்திலேயே போய்விட்டார்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அம்மாவின் காதில் விழுவது வேறு: நீதான் பயமுறுத்தினாய். இரண்டு வருடமாக அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறார்.

இரவுப்பணி அக்கா, அக்கியைப் பற்றி எழுதியதால் கேட்கிறேன். அம்மாவுக்கு இடுப்பில் இடப்பக்கம் முந்தாநாளிலிருந்து எரிச்சல். நேற்றுக் காலையிலிருந்து சிவந்த கொப்புளங்கள். கத்திரி வெயில் தொடங்கிவிட்டது, வேனல் கட்டி என்று சந்தனம் அரைத்துப் பூசியிருக்கிறார். பாட்டி, வேளாரிடம் போய்க் காவி எழுதிக்கொண்டு வா என்கிறார். அது அக்கியா?

இரவுப்பணி | 8 மே, காலை 7.32

கொப்புளம் ஒரே பக்கத்தில், பட்டை போல வரிசையாக இருக்கிறதா? நடுமுதுகைத் தாண்டாமல் நிற்கிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் அக்கிதான். இன்றே மருத்துவரிடம் போங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரை தொடங்கினால்தான் முழுப் பலன். தள்ளிப்போட்டால் கொப்புளம் ஆறினாலும் நரம்பு வலி மாதக்கணக்கில் நிற்கலாம். காவி எழுதுவது பாட்டியின் மனநிறைவுக்கு, அதுவும் கொப்புளம் உடையாமல் இருந்தால். முதலில் மாத்திரை. வீட்டில் கர்ப்பிணியோ, அம்மை வராத குழந்தையோ இருந்தால் கொஞ்சம் தள்ளி இருக்கட்டும். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

அம்மாவுக்குத் துக்கத்தால்தான் அக்கி வந்தது என்று யாரும் கிளம்ப வேண்டாம். வயதுதான் முதல் காரணம், சர்க்கரை இருந்தால் அதுவும். தூக்கமின்மையும் துக்கமும் கை கொடுத்திருக்கலாம், அவ்வளவுதான். உங்கள் அப்பா விஷயத்தில் செய்த தப்பை அம்மா விஷயத்திலும் செய்துவிடக் கூடாது.

மூன்று மணி விழிப்புக்கு 14416 என்ற எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். அரசின் மனநல ஆலோசனை, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அதிகாலை மூன்று மணிக்கும் எடுப்பார்கள்.

மனமேமருந்து | 8 மே, முற்பகல் 11.05

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் இருந்தவர் என்று முதலில் எழுதினேன் அல்லவா, அவர் என் மைத்துனர். நான்தான் அவரைக் கடைக்குக் கூட்டிப்போனேன். எனக்கு வந்த இரண்டாம் நாள் அவருக்கும் வந்தது.

வாத்தியார் ஐயா, நூற்றெட்டை நான் விடப்போவதில்லை. அது எனக்குத் தூக்கம் தருகிறது. தூக்கத்துக்குப் பலன் உண்டு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவர் தொலைக்காட்சி பார்த்ததால் போனார் என்று என் தங்கையிடம் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். இனிமேல் சொல்ல மாட்டேன்.

விலங்கியல்_வாத்தியார் | 8 மே, முற்பகல் 11.20

ஐயா, முதல் நாள் நான் எழுதியதில் ஒரு குத்தல் இருந்தது. மன்னிக்க வேண்டும். நூற்றெட்டு சொல்லுங்கள். மருந்துக்கடைத்தம்பி தருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாமிரபரணி_மகன் | 8 மே, இரவு 10.50

அக்கியேதான். அசைக்ளோவிர் ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 212. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதே எங்களுக்கு இன்றுதான் தெரியும். பாட்டி காவியைக் கிண்ணத்தில் குழைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். கொப்புளத்தைத் தொடாமல் சுற்றிலும் ஒரு கோடு போட மட்டும் மருத்துவர் சிரித்துக்கொண்டே அனுமதித்தார்.

ராத்திரி அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு இந்த இழையைப் படித்துக்காட்டினேன். ஆறு நாள் கணக்கில் வராது என்ற இடத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார். சாலிஸ்பரி கதையில் நிறுத்தி, "பயந்தவர்களில் மீதி ஐம்பத்து மூன்று பேர் என்ன ஆனார்கள்?" என்றார். சளி பிடிக்காமல் வீட்டுக்குப் போனார்கள் என்றேன். "அவ்வளவு பயந்தவர்களேவா?" ஆமாம் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பத்து நாளும் அவர்களுக்குச் சாப்பாடு யார் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்? கிட்டே போனால் ஒட்டிக்கொள்ளாதா?" என்று கேட்டார். வாத்தியார் ஐயா, இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா? காலையில் எழுந்ததும் கேட்பார்.

விலங்கியல்_வாத்தியார் | 8 மே, இரவு 11.15

இருக்கிறது தம்பி. சூடு ஆறாத பாத்திரத்தில் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கதவைத் திறந்து இவர்களே எடுத்துக்கொள்ள வேண்டும். நாம் 2020இல் செய்ததேதான். தகரம் மட்டும் கிடையாது.